கணக்கர் யாராக இருந்தாலும் சாவி நம் கையில் இருக்கட்டும்



கடைக்கு ஒரு பையனை வேலைக்கு வைப்பதென்றால் நாம் எவ்வளவு விசாரிக்கிறோம்! எந்த ஊர், யார் மகன், முன்பு எந்தக் கடையில் நின்றான், அங்கிருந்து ஏன் விலகினான் என்று நாலு பேரிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் கல்லாப் பக்கம் விடுகிறோம். ஆனால் கடையின் மொத்த வரவு செலவையும் தூக்கிக் கொடுக்கிற கணக்கரை மட்டும், “பக்கத்துக் கடை அண்ணாச்சிக்கு அவர்தான் பார்க்கிறார்”, “மற்றவரைவிடச் சம்பளம் குறைவாகக் கேட்கிறார்” என்ற இரண்டே காரணங்களில் முடிவு செய்துவிடுகிறோம். முடிவு செய்ததோடு நிற்பதுமில்லை. பெயர், பாஸ்வேர்டு, பான் கார்டு, ஆதார் நகல், சில சமயம் கையெழுத்துப் போட்ட வெற்றுக் காசோலை வரை அவரிடமே விட்டுவிட்டு, “இனி அவர் பார்த்துக்கொள்வார்” என்று நிம்மதியாக இருந்துவிடுகிறோம்.

இந்த நிம்மதி ஆபத்தானது என்பதைச் சொல்லவே இக்கட்டுரை. கணக்கு எழுதும் வேலையைச் சம்பளம் கொடுத்து ஒருவரிடம் ஒப்படைக்கலாம். கணக்குக்கான பொறுப்பை யாரிடமும் ஒப்படைக்க முடியாது. இது நமது சொந்தக் கருத்து மட்டுமல்ல. சட்டமே அப்படித்தான் சொல்கிறது. மத்திய ஜி.எஸ்.டி. சட்டத்தின் 48ஆவது பிரிவு, வரி ஆலோசகர் ஒருவர் ரிட்டர்ன் தாக்கல் செய்தாலும், அதில் உள்ள விவரங்கள் சரியானவை என்பதற்கான பொறுப்பு பதிவு பெற்ற வணிகரையே சாரும் என்று தெளிவாகக் கூறுகிறது. ஆகவே கணக்கரைத் தேர்ந்தெடுக்கும்போது, “நம் வேலையைக் குறைப்பாரா?” என்பதைவிட, “நம் பொறுப்பை நாம் நிறைவேற்ற உதவுவாரா?” என்பதே முதல் கேள்வியாக இருக்க வேண்டும்.

நோட்டீஸ் யாருக்கு வருகிறது?

சென்னை மாகாணத்தில் 1939ஆம் ஆண்டு பொது விற்பனை வரி வந்தது. பிறகு 1959ஆம் ஆண்டுச் சட்டம், 2007 ஜனவரி 1 முதல் மதிப்புக் கூட்டு வரி, 2017 ஜூலை 1 முதல் ஜி.எஸ்.டி. என்று வரிகள் மாறி மாறி வந்தன. பழைய விற்பனை வரிக் காலத்தில் ஒரு வசதி இருந்தது. நோட்டீஸ் என்றால் அது காகிதம். தபாலிலோ, ஆபீஸ் ஆள் கையிலோ கடைக்கு வந்து சேரும். நாம் கையெழுத்துப் போட்டு வாங்குவோம். படிக்கப் புரியாவிட்டாலும், ஏதோ வந்திருக்கிறது என்பது தெரியும். அன்று மாலையே பேரேட்டையும் நோட்டீஸையும் எடுத்துக்கொண்டு கணக்குப்பிள்ளை வீட்டுக்குப் போவோம்.

இன்று நிலைமை வேறு. நோட்டீஸ் பெரும்பாலும் ஜி.எஸ்.டி. இணையதளத்தில் நமது பதிவுக் கணக்கில் ஏற்றப்படுகிறது. அதைப் பற்றிய தகவல், பதிவின்போது கொடுத்த கைபேசி எண்ணுக்கும் மின்னஞ்சலுக்கும் போகிறது. அந்த எண் யாருடைய எண்? இந்த இதழைப் படிக்கும் உறுப்பினர்கள் ஒரு நிமிடம் யோசித்துப் பார்க்க வேண்டுகிறோம். 2017இல் அவசர அவசரமாகப் பதிவு எடுத்தபோது, நம்மில் பலருக்கு மின்னஞ்சலே கிடையாது. “என்னுடையதைப் போட்டுக்கொள்கிறேன் அண்ணாச்சி” என்று கணக்கர் சொன்னார், சரி என்றோம். அன்றிலிருந்து அரசு நம்மோடு பேசுவதெல்லாம் அவரோடு பேசுவதாகிவிட்டது.

அவர் நல்லவராக இருந்து, உடல்நலமும் நன்றாக இருந்து, வேலைப்பளு குறைவாகவும் இருந்தால் சிக்கல் இல்லை. ஆனால் ஒருவரே நூறு கடைகளுக்குக் கணக்குப் பார்க்கும்போது, ஒரு மின்னஞ்சல் கண்ணில் படாமல் போவது பெரிய அதிசயமல்ல. முதலில் விளக்கம் கேட்டு நோட்டீஸ். பதில் போகவில்லை. அடுத்து, வரி விதிக்கப் போவதாக நோட்டீஸ். பதில் இல்லை. பிறகு வரி, வட்டி, அபராதம் சேர்த்து உத்தரவு. உத்தரவு கிடைத்த நாளிலிருந்து மேல்முறையீட்டுக்கு மூன்று மாதம். தகுந்த காரணம் காட்டினால் மேலும் ஒரு மாதம். அந்தக் கெடுவும் கடந்த பிறகு, சரக்குக்குப் பணம் அனுப்ப வங்கிக்குப் போனால் கணக்கு முடக்கப்பட்டிருக்கிறது என்கிறார்கள். அப்போதுதான் வணிகருக்கு முதல் முறையாக விஷயமே தெரிகிறது.

இது கற்பனையல்ல. 2024ஆம் ஆண்டில் சென்னை உயர் நீதிமன்றத்தின் முன் இத்தகைய மனுக்கள் வரிசையாக வந்தன. “நோட்டீஸ் இணையதளத்தில் மட்டும் ஏற்றப்பட்டது, ஆலோசகர் எங்களுக்குத் தெரிவிக்கவில்லை, எங்கள் தரப்பைச் சொல்லவே வாய்ப்புக் கிடைக்கவில்லை” என்பதே பெரும்பாலான மனுதாரர்களின் முறையீடு. நீதிமன்றம் பல வழக்குகளில் இரக்கம் காட்டியது. தகராறுக்குரிய வரியில் 10 சதவீதத்தைக் கட்ட வேண்டும் என்ற நிபந்தனையின் பேரில் உத்தரவை ரத்து செய்து, மறுபடியும் விசாரிக்கச் சொன்னது. நல்லதுதான். ஆனால் வக்கீல் கட்டணம், அலைச்சல், முன்பணமாகக் கட்டிய 10 சதவீதம், அதற்குள் முடங்கிப்போன வியாபாரம் எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள். சம்பளம் குறைவாகக் கேட்டார் என்று கணக்கரைத் தேர்ந்தெடுத்து மிச்சம் பிடித்த தொகை அதில் எந்த மூலைக்குக் காணும்?

எல்லோரும் ஆடிட்டரா?

நம் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து கணக்கு எழுதுகிற எவரையும் ஆடிட்டர் என்றே அழைக்கிறோம். மரியாதைக்கு அழைப்பதில் தவறில்லை. ஆனால் யார் எந்த வேலைக்கு உரியவர் என்பது தெரிந்திருக்க வேண்டும்.

முதலாமவர் கணக்கு எழுதுபவர். அன்றாடக் கொள்முதல், விற்பனை, ரொக்கம், வங்கி வரவு செலவு ஆகியவற்றைப் பதிவு செய்பவர். இவருக்குப் பட்டம் முக்கியமல்ல. ஒழுங்கும் நேர்மையும்தான் முக்கியம். இரண்டாமவர் ஜி.எஸ்.டி. வரி ஆலோசகர். இவர் துறையில் முறைப்படி பதிவு பெற்று, அதற்கான சான்றிதழ் வைத்திருக்க வேண்டும். இவர் தமக்குரிய தனி நுழைவுப் பெயரிலேயே நமக்காக ரிட்டர்ன் தயாரிக்க இணையதளத்தில் வசதி இருக்கிறது. நாம் நமது கணக்கில் நுழைந்து இவரை நியமித்தால் போதும். வேண்டாம் என்றால் அதே இடத்தில் விலக்கிவிடலாம். நமது பாஸ்வேர்டைக் கொடுக்க வேண்டிய அவசியமே இல்லை. இந்த வசதி இருப்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

மூன்றாமவரே முறையான ஆடிட்டர், அதாவது பட்டயக் கணக்காளர். 1949ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த இந்தியப் பட்டயக் கணக்காளர் கழகத்தின் உறுப்பினர். வருமான வரிச் சட்டப்படியான தணிக்கை அறிக்கையில் கையெழுத்திடும் உரிமை இவருக்கே உண்டு. இவர் தரும் சான்றிதழ், தணிக்கை அறிக்கை ஒவ்வொன்றிலும் யு.டி.ஐ.என். எனப்படும் 18 இலக்க எண் இருக்க வேண்டும். சான்றிதழ்களுக்கு 2019 பிப்ரவரி முதல் இது கட்டாயம். அந்த எண்ணைக் கழகத்தின் இணையதளத்தில் போட்டு யார் வேண்டுமானாலும் உண்மைதானா என்று பார்த்துக்கொள்ளலாம். வங்கிக் கடனுக்காக யாரோ ஒரு முத்திரையைக் குத்திக் கொடுத்த சான்றிதழ் பின்னால் நம் தலையில் விடியாமலிருக்க, இந்த ஒரு சோதனை போதும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். “உங்களுக்கு வரியை மிச்சப்படுத்தித் தருகிறேன், மிச்சமாவதில் எனக்கு இத்தனை சதவீதம்” என்று பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். லாபத்திலோ கிடைக்கும் பலனிலோ சதவீதம் பேசிக் கட்டணம் வாங்குவதைப் பட்டயக் கணக்காளர்களின் நடத்தை விதிகள் பொதுவாகத் தடுக்கின்றன. அப்படிப் பேசுகிறவர் விதி தெரியாதவராக இருப்பார், அல்லது விதியை மதிக்காதவராக இருப்பார். இரண்டும் நமக்கு ஆகாது. “சரக்கு வராமல் பில் மட்டும் வாங்கித் தருகிறேன்” என்பவரோ அதைவிட ஆபத்தானவர். சரக்கே வாங்காமல் வரி வரவு எடுத்தால் அந்த வரித் தொகைக்குச் சமமான அபராதம் உண்டு. அது 10,000 ரூபாய்க்குக் குறையாது. பில் கொடுத்தவன் ஊரை விட்டுப் போய்விடுவான். கடை நமக்கு இங்கேதான் இருக்கிறது.

மளிகைக் கடைக்காரர் கேட்க வேண்டிய கேள்வி

பெரிய கம்பெனிக் கணக்கு பார்ப்பவர் என்பதால் ஒருவர் நமக்கு ஏற்றவராகிவிட மாட்டார். மளிகை வியாபாரத்தின் கணக்கு தனி வகை. ஒரே அலமாரியில் வரி இல்லாத பொருளும், 5 சதவீதப் பொருளும், 18 சதவீதப் பொருளும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. நம் ஊர் உப்புக்கு வரி இல்லை. சில்லறையாக நிறுத்துக் கொடுக்கும் அரிசி, பருப்பு, கருப்பட்டிக்கு வரி இல்லை. அதையே 25 கிலோ வரையிலான பாக்கெட்டில் அடைத்து விவரம் அச்சிட்டு விற்றால் 2022 ஜூலை 18 முதல் 5 சதவீதம். இதனால்தான் அரிசி ஆலைகள் 26 கிலோ மூட்டை போட ஆரம்பித்தன என்பது நமக்கெல்லாம் தெரிந்த கதை.

இங்கேதான் கணக்கரின் தரம் வெளிப்படுகிறது. காம்போசிஷன் எனப்படும் இணக்க வரித் திட்டத்தில் உள்ள ஒரு மளிகைக் கடையை எடுத்துக்கொள்வோம். ஆண்டு விற்பனை 1 கோடியே 20 லட்சம் ரூபாய். அதில் 70 லட்சம் வரி விலக்குள்ள அரிசி, பருப்பு, உப்பு, காய்கறி. மீதி 50 லட்சம்தான் வரிக்குட்பட்ட சரக்கு. வணிகர்களுக்கு இத்திட்டத்தில் 1 சதவீத வரி, வரிக்குட்பட்ட சரக்கின் விற்பனை மீது மட்டுமே. 2018 ஜனவரி 1 முதல் விதி இதுதான். ஆகவே கட்ட வேண்டியது 50,000 ரூபாய். விவரம் தெரியாத கணக்கர் மொத்த விற்பனைக்கும் 1 சதவீதம் போட்டால் 1,20,000 ரூபாய். ஓர் ஆண்டில் 70,000 ரூபாய் வீண். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். இது அளக்காமல் ஆற்றில் போடுவது. அதே சமயம், திட்டத்தில் சேர்வதற்கான 1.5 கோடி ரூபாய் வரம்பைப் பார்க்கும்போது வரி விலக்குள்ள விற்பனையையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். இந்த இரண்டு கணக்கையும் குழப்பாமல் சொல்லத் தெரிந்தவரா என்று முதல் சந்திப்பிலேயே கேட்டுவிடுங்கள்.

இன்னொரு கேள்வி. 2025 செப்டம்பர் 22 முதல் வரி விகிதங்கள் மாறின. சோப்பு, பற்பசை, ஷாம்பு, பிஸ்கட் ஆகியவை 18இலிருந்து 5 சதவீதத்துக்கு வந்தன. நெய், வெண்ணெய் 12இலிருந்து 5க்கு இறங்கின. பள்ளிக்கூட நோட்டுப் புத்தகத்துக்கு வரியே இல்லை என்றாயிற்று. வழக்கமான முறையில் வரி கட்டும் கடையில், பழைய விகிதத்தில் வாங்கிய சோப்பு இருப்பின் வரி வரவு என்ன ஆகும்? நோட்டுப் புத்தக இருப்பின் வரவு என்ன ஆகும்? சோப்பு இன்னும் வரிக்குட்பட்ட சரக்கு. முறையாக எடுத்த வரவு அப்படியே நிற்கும். நோட்டுப் புத்தகம் விலக்குக்குப் போய்விட்டதால், அன்றைய இருப்புக்கு உரிய வரவைத் திருப்பிக் கட்ட வேண்டும். இந்த வித்தியாசத்தை நமக்குப் புரியும்படி விளக்குகிறவர் நல்ல கணக்கர். “அதெல்லாம் சிஸ்டம் பார்த்துக்கொள்ளும்” என்கிறவரிடம் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடலாம்.

மொத்த வியாபாரிகளின் கவலை வேறு. அவர்களுக்கு உயிர் உள்ளீட்டு வரி வரவு. நமக்குச் சரக்கு கொடுத்தவர் தம் பில்லை இணையதளத்தில் ஏற்றி, அது நமது 2பி அறிக்கையில் வந்தால்தான் நாம் கொடுத்த வரி நமக்கு வரவாகும். அறிக்கை மாதந்தோறும் 14ஆம் தேதி தயாராகிறது. அன்றே கொள்முதல் புத்தகத்தோடு ஒத்துப் பார்த்து, “இந்த இந்த பில் வரவில்லை, பணம் கொடுக்கும் முன் கேளுங்கள்” என்று பட்டியல் தருகிற கணக்கர் கிடைத்தால் அவரை விடவே கூடாது. ஒரு நிதியாண்டின் விட்டுப்போன வரவை, பொதுவாக அடுத்த நவம்பர் 30க்குப் பிறகு எடுக்க முடியாது. நமது துறைமுகத்திலிருந்து தோணியில் மாலத்தீவுக்குச் சரக்கு அனுப்பும் வணிகர்களுக்கோ, வரி கட்டாமல் ஏற்றுமதி செய்வதற்கான உறுதிமொழிப் பத்திரத்தை ஆண்டுதோறும் மறக்காமல் தாக்கல் செய்கிற அனுபவசாலி தேவை. அவரவர் தொழிலுக்கு ஏற்ற கணக்கரே அவரவருக்கு நல்ல கணக்கர்.

பிரிப்பவர் ஒருவர், எடுப்பவர் ஒருவர்

“இத்தனை வருடம் பழகியவரைச் சந்தேகப்படலாமா?” என்று சிலர் கேட்கக்கூடும். சந்தேகம் வேறு, சரிபார்ப்பு வேறு. உறவினரே கடைக்கு வந்தாலும் தராசில் நிறுத்துத்தானே கொடுக்கிறோம்? அதை அவர் அவமதிப்பாக நினைப்பதில்லையே!

இந்தச் சரிபார்ப்பு நமது கடற்கரைக்குப் புதிதல்ல. 1961க்குப் பிறகு நம் கடலில் முத்துக்குளிப்பு நடைபெறவில்லை என்றாலும், அந்தக் காலத்துப் பங்கீட்டு முறை இன்றைக்கும் பாடமாகும். கரைக்கு வந்த சிப்பிகளைக் குளியாட்கள் மூன்று சம குவியலாகப் பிரிப்பார்கள். அவற்றில் இரண்டை அதிகாரி அரசுக்கென்று தேர்ந்தெடுப்பார். மிச்சமுள்ள ஒன்று குளியாட்களுக்கு. எந்தக் குவியல் தமக்கு மிஞ்சும் என்று பிரிப்பவருக்குத் தெரியாது. அதனால் பிரிவினை தானாகவே சமமாக நடந்தது. அங்கே யாரும் யாரையும் திருடன் என்று சொல்லவில்லை. பிரிப்பவர் ஒருவர், எடுப்பவர் ஒருவர் என்ற ஏற்பாடே நேர்மையைக் காத்தது.

கடைக் கணக்கிலும் இதே ஏற்பாடு வேண்டும். ரிட்டர்ன் தயாரிப்பது கணக்கர். வரிப் பணத்தைக் கட்டுவது நாம். செலான் போட்டு நமது வங்கிக் கணக்கிலிருந்து நேராக அரசுக்குப் பணம் போக வேண்டும். “வரி இவ்வளவு வருகிறது, ரொக்கமாகக் கொடுங்கள், நான் கட்டிவிடுகிறேன்” என்பதற்கு இடமே கொடுக்கக் கூடாது. தாக்கலானதும் ஏ.ஆர்.என். என்ற ஒப்புகை எண் வரும். அதைக் கேட்டு வாங்கி ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி வையுங்கள். இணையதளத்தில் பாஸ்வேர்டு இல்லாமலேயே, நமது ஜி.எஸ்.டி. எண்ணை மட்டும் போட்டு, எந்த மாத ரிட்டர்ன் எந்தத் தேதியில் தாக்கலாயிற்று என்று பார்க்கலாம். வீட்டில் படிக்கும் பிள்ளையிடம் கைபேசியைக் கொடுத்தால் இரண்டு நிமிடத்தில் பார்த்துச் சொல்லிவிடும். சரக்கு கொடுப்பவர் ஒழுங்காகத் தாக்கல் செய்கிறாரா என்பதையும் இதே வழியில் அறியலாம்.

எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த ஆறு இலக்க எண். கடையில் கூட்டமாக இருக்கும் நேரத்தில் கணக்கர் போன் செய்வார். “அண்ணாச்சி, ஒரு ஓ.டி.பி. வந்திருக்கும், சொல்லுங்க.” ஒரு கையில் பருப்பு நிறுத்துக்கொண்டே மறு கையில் கைபேசியைப் பார்த்து எண்ணைச் சொல்லிவிடுகிறோம். அந்த எண்தான் இன்றைய கையெழுத்து. எதில் கையெழுத்துப் போடுகிறோம் என்று கேட்காமல் பத்திரத்தில் கையெழுத்துப் போடுவோமா? “விற்பனை எவ்வளவு காட்டியிருக்கிறீர்கள், வரி எவ்வளவு, வரவு எவ்வளவு?” என்ற மூன்று தொகையைக் கேட்டுக் குறித்துக்கொண்ட பிறகே எண்ணைச் சொல்ல வேண்டும். நல்ல கணக்கர் இதற்கு முகம் சுளிக்க மாட்டார்.

பதிவில் கணக்கரின் எண் இருந்தால் உடனே மாற்றுங்கள். கைபேசி, மின்னஞ்சல் மாற்றத்துக்கு அதிகாரியின் ஒப்புதலுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை; நமது நுழைவிலேயே செய்யலாம். பாஸ்வேர்டே கையில் இல்லாதவர்கள், உரிய ஆவணங்களோடு தமது வரி அலுவலகத்தை அணுகினால் அங்கே புதிய எண்ணைப் பதிந்து தர வழி உண்டு.

வெள்ளம் சொன்ன பாடம்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நம் மாவட்டத்தில் யாரும் மறக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை. கடைகளிலும் குடோன்களிலும் தண்ணீர் புகுந்து சரக்கு நாசமாயிற்று. நவம்பர் மாதத்து 3பி ரிட்டர்னுக்கான கெடு நமது மாவட்டம் உள்ளிட்ட தென் மாவட்டங்களுக்கு 2024 ஜனவரி 10 வரை நீட்டிக்கப்பட்டது. ஆனால் கெடு நீட்டிப்பு மட்டும் போதுமா?

இன்ஷூரன்ஸ் கேட்டுப் போனவர்களிடம் முதலில் கேட்கப்படுவது, வெள்ளத்துக்கு முதல் நாள் இருப்பு என்ன என்பதுதான். இருப்புக் கணக்கும் கொள்முதல் பில்லும் கையில் இருப்பவர் பேச முடியும். சிட்டையும் பில்லும் சரக்கோடு சேர்ந்து நனைந்து, கம்ப்யூட்டரும் தரையில் இருந்து மூழ்கியிருந்தால் எதை வைத்துப் பேசுவது? எழுதாக் கடனுக்கு அழுதால் தீருமா என்ற பழமொழி இருப்புக் கணக்குக்கும் பொருந்தும். மேலும், அழிந்துபோன சரக்குக்கு எடுத்த வரி வரவைத் திருப்பிவிட வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. ஆகவே நஷ்டத்தைக் கணக்கிடும்போது அந்த வரியையும் நஷ்டத்தில் சேர்க்க வேண்டும் என்று அன்றே எடுத்துச் சொல்லும் கணக்கர் வேண்டும். ஆபத்து வரும் நாளில்தான் கணக்கரின் அருமை தெரியும். தேர்வோ அதற்கு முன்பே நடந்து முடிந்திருக்கும்.

ஜி.எஸ்.டி. சட்டப்படி கணக்குப் புத்தகங்கள் நமது முக்கிய வியாபார இடத்தில் இருக்க வேண்டும். ஆண்டு ரிட்டர்ன் கெடுவிலிருந்து 72 மாதங்கள் பாதுகாக்க வேண்டும். புத்தகம் முழுவதும் கணக்கர் வீட்டில் இருக்கிறது என்பது சட்டப்படியும் சரியல்ல, புத்திசாலித்தனமும் அல்ல. மாதம் ஒருமுறை கம்ப்யூட்டர் கணக்கின் நகல் ஒன்றை வாங்கி, உயரமான இடத்தில் அல்லது வேறொரு வீட்டில் வைத்துக்கொள்வது நம் கடற்கரை ஊருக்கு மிக அவசியம்.

நம் பக்கத்துக் கடமை

குறை முழுவதையும் கணக்கர் தலையில் சுமத்துவது நியாயமல்ல. இணையதளம் கடைசி நாளில் மெதுவாகிறது. விதிகள் அடிக்கடி மாறுகின்றன. நாமோ 20ஆம் தேதி கெடு என்றால் 19ஆம் தேதி இரவு ஒரு மஞ்சள் பையில் கசங்கிய பில்களைப் போட்டுக் கொடுத்தனுப்புகிறோம். கட்டணத்தை மூன்று மாதம் பாக்கி வைக்கிறோம். “லாபத்தைக் கொஞ்சம் குறைத்துப் போடுங்கள்” என்று நாமே சொல்லிவிட்டு, பிறகு வங்கியில் கடன் கேட்கும்போது அந்தக் குறைந்த லாபத்தைக் காட்டிக் கடன் கிடைக்கவில்லை என்று அவரையே குறை சொல்கிறோம். ஒழுங்காக உழைக்கிற கணக்கருக்கு ஒழுங்கான கட்டணம் கொடுப்பதுதான் முறை. வேலை என்ன, கட்டணம் எவ்வளவு, நோட்டீஸ் வந்தால் பதில் தருவது அதில் அடக்கமா, தாமதம் அவரால் ஏற்பட்டால் அபராதம் யார் பொறுப்பு என்பதை ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திட்டுக்கொண்டால் பின்னால் மனக்கசப்பு வராது.

தாமதக் கட்டணம் நாளுக்கு 50 ரூபாய்தானே, சிறு வியாபாரிக்கு ரிட்டர்ன் ஒன்றுக்கு 2,000 ரூபாய்க்கு மேல் போகாதே என்று அலட்சியமாகவும் இருக்கக் கூடாது. வரிப் பாக்கி இருந்தால் 18 சதவீத வட்டி தனி. தொடர்ந்து இரண்டு ரிட்டர்ன் நின்றால் ஈ-வே பில் எடுக்க முடியாது. மாத ரிட்டர்ன் ஆறு மாதம் தொடர்ந்து நின்றால் பதிவையே ரத்து செய்ய அதிகாரியால் முடியும். லாரியில் சரக்கு ஏற்றிய பிறகு பில் எடுக்க முடியவில்லை என்று தெரிவதைவிடப் பெரிய தண்டனை மொத்த வியாபாரிக்கு வேறு என்ன இருக்கிறது?

கணக்கரை மாற்ற வேண்டி வந்தாலும் சண்டை போட்டு மாற்றாதீர்கள். பாக்கியைத் தீர்த்து, புத்தகங்களையும் கம்ப்யூட்டர் கணக்கின் நகலையும் நிலுவையில் உள்ள நோட்டீஸ் பட்டியலையும் எழுத்து மூலம் வாங்கிக்கொண்டு, அன்றே பாஸ்வேர்டை மாற்றுங்கள். தணிக்கைப் பணியை ஏற்கும் புதிய பட்டயக் கணக்காளர், முன்னவருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும் என்பது அவர்களது விதி. முன்னவரிடம் நல்லபடி விடைபெற்றால் அதுவும் எளிதாக முடியும்.

சங்கம் என்ன செய்யலாம்?

“சங்கமே ஒரு நல்ல கணக்கரைச் சொல்லிவிடலாமே” என்று உறுப்பினர்கள் சிலர் கேட்பதுண்டு. அது சரியான வழி என்று நாம் கருதவில்லை. சங்கம் ஒருவர் பெயரைச் சொன்னால், மறுபடியும் விசாரிக்காமல் ஒப்படைக்கும் பழக்கமே வளரும். அதற்குப் பதிலாக, மாதம் ஒரு நாள் மாலையில் சங்கக் கட்டிடத்தில் உறுப்பினர்கள் தத்தம் கைபேசியோடும் பதிவுச் சான்றிதழோடும் கூடலாம். நோட்டீஸ் பகுதியை எப்படித் திறப்பது, பதிவில் யாருடைய எண் இருக்கிறது, கடைசி ரிட்டர்ன் எந்தத் தேதியில் தாக்கலானது என்பதை இளைய தலைமுறையினர் உதவியோடு ஒவ்வொருவரும் தாமே பார்த்துக்கொள்ளலாம். மே 5 வணிகர் தினத்தில் கொடியேற்றிக் கோரிக்கை வைக்கிறோம்; அது தேவைதான். அரசிடம் கேட்பதோடு, நம் வீட்டுக் கதவு பூட்டியிருக்கிறதா என்று நாமே பார்ப்பதும் தேவை.

கல்லாப் பெட்டிச் சாவியை இரவு யாரிடமும் கொடுத்துவிட்டு நாம் வீட்டுக்குப் போவதில்லை. கடைக்குள்ள இன்னொரு சாவியான கைபேசி எண்ணும் பாஸ்வேர்டும் இன்று யாரிடம் இருக்கிறது என்பதை, இந்த மாத ரிட்டர்ன் கெடுவுக்கு முன்பாக ஒவ்வோர் உறுப்பினரும் பார்த்துவிட வேண்டும் என அன்புடன் கேட்டுக்கொள்கிறோம்.